ஆண்டாயி சுமந்த மூட்டை

இந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிற மாதிரி ஒரு கொடுமை கிடையாது, ஃபாதர். வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்கு அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு ஆண்டாயி. நடுவில் ஒரே சுவர்தான். கொர்னேலியஸ் தோட்டத்தில் பூண்டு பிடுங்கச் சேர்ந்தே போவோம், சேர்ந்தே திரும்புவோம்.

போன மாதம் திருப்பூரிலிருந்து அவள் மகள் பாலாமணி போன் பண்ணினாள். மாசமாக இருக்கிறாளாம், அம்மா இனித் தங்களோடேயே இருந்துவிட வேண்டுமாம். ஆண்டாயி அன்றைக்கே பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அவள் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியுமே. வயலில் உதிர்ந்த பூண்டை வேலைக்கு வந்தவர்கள் முந்தானையில் கட்டிக்கொண்டு போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். விதைப்பூண்டு அறையிலிருந்து மட்டும் ஒரு பல்கூட வெளியே போகக் கூடாது. எடுத்தவளை அப்புறம் எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். அந்த அறையில் நான்தான் விதைப்பூண்டை ஒரு துணியில் கட்டி வைத்தேன். என் உதிரிப்பூண்டை அங்கே மறந்துவிட்டேன், முட்டி வலிக்கிறது, எடுத்து வா என்று ஆண்டாயியிடம் சொன்னேன். எடுத்து வந்து கொடுத்தாள். அதை ஓடையில் கொட்டிவிட்டேன். திருட்டுப் பொருளை வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறவள் இல்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு, விதைப்பூண்டு குறைந்ததைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கோயில் முற்றத்தில் வைத்து விசாரித்தார்கள். கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் என்று என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. விதை அறையிலிருந்து ஆண்டாயி மூட்டையோடு வந்ததைப் பார்த்தேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். எடுத்து வரச் சொன்னது பியாட்ரிஸ்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷப் பழக்கம்.

"ஆமாங்க, நாந்தான் எடுத்தனுங்க" என்றாள்.

திருப்பூர் மருமகனுக்கு நான்தான் போனில் சொன்னேன். வேண்டியவர்கள் மறைக்கலாமா? அவர்கள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். குழந்தை பிறந்தாலும் பார்க்க வரக் கூடாதாம்.

அன்று சாயங்காலம் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, அப்படி என்ன கஷ்டம் உனக்கு? எங்கிட்டக் கேட்டிருந்தா நாந் தந்திருப்பனல்லோ."

நான் கஷ்டத்தில் திருடிவிட்டேன் என்று நினைத்து அந்தப் பழியை அவள் வாங்கிக்கொண்டாள், ஃபாதர். நான்தான் அழுதேன். அவள்தான் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இப்போது அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. என் கூலியில்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். ஒரு நாள்கூட அவளிடம் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் எந்த நோன்பு சொன்னாலும் இருக்கிறேன். அவளிடம் போய் உண்மையைச் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள். தாங்கமாட்டாள். மகளும் இல்லை, நானும் இல்லையென்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?