வலை பொத்தும் படம்

"எத்தின பேர் கைதட்டினாலும் அது நல்ல படமெண்டு நான் சொல்லமாட்டன், மச்சான்."

ஆலங்குடாவில் பஸ் ஏறிய மீனவர், பக்கத்திலிருந்த ஆசிரியரிடம் சொன்னார். படத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டியவர் அந்த ஆசிரியர்தான்.

"உலகமே கொண்டாடின பழைய படம். பொறுமையாப் பாக்கணும்."

"பொறுமையாத்தான் பாத்தன். கால் மணித்தியாலமா ஒருத்தன் பேச்சுமூச்சில்லாம கிழிஞ்ச வலையப் பொத்துறான்."

"அதுதான் அழகு."

"கிழிஞ்ச ஓரத்த வெட்டி எடுக்காமலே பொத்துறான். அது நிக்குமா?"

"வேற யாருமே அப்பிடிச் சொல்லல்லயே."

"அவங்க வலை பொத்தினவங்களா? கடைசியில அந்த வலை கிழிஞ்சு மீனில்லாம வெறுமையா வருது. எல்லாரும் விதியெண்டு அழுதாங்க."

"நீங்க அழல்லயா?"

"என்னத்துக்கு? விதி என்ன செஞ்சிச்சு, பொத்தினது அவன்தானே."