நேராக நின்ற நாற்றுகள்

தாம்பரத்தில் ரயில் ஏறி என் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் ஒரு தொட்டி, அதில் விரல் நீளச் சோள நாற்றுகள்.

“பாதிக்குத் தலையை வெட்டிட்டேன்டி” என்றாள் அவள்.

“ஐயோ, எதுக்குடி?”

“நுனியிலதான் ஹார்மோன் ஊறுது. அது நிழல் பக்கமா இறங்கி அந்தப் பக்கத்தை நீளவைக்கும். அதனாலதான் செடி வெளிச்சத்தைப் பார்த்து வளையுது. நுனி இல்லன்னா வளையாது. இன்னைக்கு சார்கிட்ட அதைத்தான் காட்டணும்.”

“எல்லாமே நேரா நிக்குதே!”

“ஜன்னலோரம் வச்சிருந்தேன். வளையுதேன்னு அம்மா போகவர தொட்டியைத் திருப்பித் திருப்பி வச்சிருக்காங்க.”

“போச்சு, மார்க் காலி. சண்டை போட்டியா?”

அதற்குள் தொட்டி வைத்திருந்தவளின் செல்போன் அடித்தது.

“சொல்லும்மா… ம், பத்திரமா இருக்கு. இல்லம்மா, ஒண்ணுகூட வளையல. நேராத்தான் நிக்குது.”