பதினாறாவது நாற்காலி

மார்ச் ஒன்பதாம் நாள் உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மதிப்பெண் பட்டியலில் என் மகளின் ஆண்டிறுதிக் கட்டுரைக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று என்று இருந்தது. அது அநியாயம். இருபது வரிகூட இல்லாத அந்த அறிவிப்பில் மூன்று ஒற்றுப் பிழைகள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிழையோடு எழுதுகிறவர்கள், பிழையில்லாமல் எழுதியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

இந்தத் தாள்களைத் தந்தவர் காவல் ஆய்வாளர். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க சார். வாத்தியாருக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றார். மரியாதை தெரிந்தவர். ஆனால் இதைப் புரிந்துகொள்ள வேண்டியவர், சிறப்புப் பட்ட வகுப்பின் தலைவராகிய நீங்கள். ஆகவே அம்மையீர், உங்களுக்கே எழுதுகிறேன். அவர் படித்துவிட்டு உங்களிடம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவரும் படிப்பார் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் அந்த வகுப்பில் இடம் பதினாறு பேருக்கு மட்டும். முதலில் ஒரு கட்டுரை கேட்பார்கள். அது தேறினால் நேர்காணல். சேர்ந்த பிறகு மற்ற மாணவர்களைப் போலப் பெரிய அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்க முடியாது. நீள்வட்ட மேசை ஒன்று, அதைச் சுற்றிப் பதினாறு நாற்காலிகள். புதன்கிழமைதோறும் நால்வர் தம் கட்டுரைகளைப் படிக்க, மற்றவர்கள் அவர்களைக் கேள்வி கேட்பார்கள்; ஒவ்வொருவர் முறையும் மாதம் ஒருமுறை வரும். ஆண்டுச் சராசரி அறுபத்தைந்துக்குக் கீழே போனால் சாதாரண வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். ஏறுவதற்கு அரும்பாடு பட வேண்டும்; இறங்குவதற்கு ஒரு பட்டியல் போதும்.

என் மகள் கணக்கியல் படிக்க விரும்பினாள். "எனக்கு எழுத்து வராதுப்பா. எண்ணுதான் வரும்" என்றாள். வர வைக்கலாம் என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மொழிப்பாடம் நடத்தியவன் வீட்டில் எழுத்து வராத பிள்ளை இருக்க முடியாது. விண்ணப்பக் கட்டுரையை அவளேதான் எழுதினாள். நான் திருத்தினேன். முதலில் ஒற்றுகளைத் திருத்தினேன், பிறகு சொற்களை, பிறகு வாக்கியங்களை, பிறகு கருத்துகளை. கடைசியில் அவள் எழுதியதில் அவள் பெயர் மட்டும் திருத்தத்துக்குத் தப்பியது. அடுக்களை மேசையில் அவளை எதிரே உட்கார வைத்து, நேர்காணலில் கேட்கக்கூடியவற்றையெல்லாம் கேட்டு, விடைகளை மனப்பாடம் செய்வித்தேன். கட்டுரையை ஒட்டியே நீங்கள் கேட்டீர்கள். அவளும் ஒப்பித்தாள். இடம் கிடைத்தது. பதினாறாவது பெயர் அவளுடையது.

அன்று என் மனைவி தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். "பொண்ணுக்கு ஆனர்ஸ் கிடைச்சிருக்கு. இவருக்குத்தான் தலைகால் புரியல" என்று தையற்காரப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன்.

முதல் புதன்கிழமை அவள் மேசையில் படித்த கட்டுரை எவருக்கும் வாய்க்காத ஒன்று. படித்து முடித்ததும் பக்கத்து நாற்காலிப் பையன், "இந்த மூணாவது பத்தியில நீ என்ன சொல்ல வர்றே?" என்று கேட்டானாம். அவளுக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க என்னைக் கேக்கலப்பா. உங்களைக் கேக்கறாங்க. நான் அங்க உங்க தபால்காரி மாதிரி உக்காந்திருக்கேன்."

"பழகப் பழகச் சரியாகிவிடும்."

"எனக்கு முடியலப்பா."

"முடியவில்லை" என்று திருத்தினேன். தவறான வடிவம் நாக்கில் தங்கிவிட்டால் எழுத்திலும் வந்துவிடும்.

அடுத்த மாதம் அவளுக்கு உண்மையாகவே வயிற்றுக்கோளாறு வந்தது. எவர் செய்ததுமன்று, மழைக் காலம். உங்கள் விதிமுறையில் ஒரு பிரிவு இருக்கிறது. உடல்நலக் குறைவால் மேசைக்கு வர இயலாதவர், மருத்துவச் சான்றுடன், வினாக்களுக்கு எழுத்து மூலம் விடையளிக்கலாம். தெளிவான வாக்கியம். எழுதியவரைப் பாராட்டலாம். அந்த முறை அவள் படுத்திருந்தாள். விடைகள் எழுத்தில் சென்றன. எண்பத்து நான்கு வந்தது. பதினாறு பேரில் அதுவே மிகுதி. அவளுக்குத் தேவையானது அறிவன்று, பேசாமலிருக்க ஓர் அனுமதி மட்டுமே என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அதன் பிறகு அவள் முறை வரும் புதன்கிழமைகளில் அவளுக்கு உடல்நலம் சரியில்லாமல் போயிற்று.

என் மனைவி முதலில் தண்ணீரைச் சந்தேகித்தாள். குழாய்க்கு வடிகட்டி வாங்கினாள். பிறகு பாத்திரங்களைச் சந்தேகித்து, திருமணத்துக்கு வந்தவற்றைக்கூட ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டாள். பிறகு தன் கைகளையே சந்தேகித்தாள். தோல் உரியுமளவுக்குத் தேய்த்துக் கழுவுவாள். சமைத்தது எதுவானாலும் முதலில் தான் தின்று, சற்று நேரம் பார்த்து, அதன் பிறகே மகளுக்குப் போடுவாள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே, இவளுக்கு மட்டும் ஏன்?" என்று என்னைக் கேட்பாள். படிப்புச் சுமை என்பேன். அவள் சுவைத்துப் பார்க்காத ஒன்று, நான் மாடிக்குக் கொண்டுபோகும் பால். எழுதப் படிக்கிற பிள்ளைக்குத் தகப்பன் பால் கொண்டுபோவதில் சந்தேகிக்க என்ன இருக்கிறது?

மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு: செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள், செய்தவன் யார் என்பதைச் சொல்லுங்கள். எனவே, பாலில் பேதி மருந்து கலக்கப்பட்டது என்று நான் எழுத மாட்டேன். நான் கலந்தேன். ஒவ்வொரு முறையும் நான்தான் கலந்தேன். முதலில் சிறிதளவு. உடல் பழகிவிட்டதால் பிறகு கூடுதலாக.

இதைத் துன்புறுத்தல் என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசைக்குப் போன நாள்களில் அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். போகாத நாள்களில் படுத்திருந்தாள். நெற்றியைத் துடைத்துவிடுவேன். "அப்பா, நீங்க இருக்கறதாலதான் தாக்குப் பிடிக்கறேன்" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த வாழ்க்கை மேல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் ஆண்டில் அவள் மெலிந்துவிட்டாள் என்பது உண்மை. நூலகப் படியில் ஒருமுறை மயங்கி விழுந்தாள். கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். பிப்ரவரி முடிவில் மருத்துவமனையில் சேர்த்தோம். இளம் மருத்துவர் ஒருவர், இரத்தத்தில் உப்புகள் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கின்றன என்று தலையைச் சொறிந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆண்டிறுதிக் கட்டுரையை எழுதி முடித்தேன். அதற்குத்தான் அறுபத்தொன்று. ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்பும் கிடைத்தது: "பிழையே இல்லை. ஆனால் இதில் ஓர் இளம்பெண்ணை எங்கும் காணோம்." கட்டுரைக்குள் இளம்பெண் எதற்கு, அம்மையீர்? சராசரி அறுபத்து நான்காக இறங்கியது. ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக அவள் நாற்காலி போகவிருந்தது. நான் மூன்று மறுமதிப்பீட்டு மனுக்கள் எழுதினேன். சோறு இறங்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்து நடந்து, தரை துடைக்கும் பெண்மணி, "சார், நீங்க ஒரு இடமா உக்காருங்க. உங்க காலடியத் துடைக்கவே எனக்குச் சம்பளம் பத்தாது" என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது.

அப்போதுதான் நீங்கள் கருணை காட்டினீர்கள். நோயாளி என்பதால் மறுதேர்வு தருவதாகவும், அவள் மேசைக்கு வர வேண்டாம், நீங்களே வியாழக்கிழமை காலை அவள் கட்டிலருகே வந்து வாய்மொழியாகக் கேட்பதாகவும் தொலைபேசியில் சொன்னீர்கள். "பயப்படாதேம்மா, சும்மா பேசிக்கிட்டிருப்போம். நீ எழுதினதைப் பத்திதானே" என்று அவளிடமே சொன்னீர்கள். அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. எனக்கு அப்படி நேர்வது அரிது.

எழுத்து மூலம் கேட்டிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. இதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை மாலை குடுவையில் பால் கொண்டுபோனேன். அவளால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் என் மனைவி குடித்துவிட்டாள். நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

காலையில் மகளுக்கு நினைவு சரியாக இல்லை. உதடுகள் வெடித்திருந்தன. மருத்துவர் ஓடி வந்தார். "வெளியிலேருந்து ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, மாத்திரை, எதுவானாலும் சொல்லுங்க சார். சிறுநீரகம் நிக்குது. என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது பண்ண முடியும்" என்று என் தோளைப் பிடித்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பத்து மணிக்கு நீங்கள் வருவதாக இருந்தது. நீங்களும் சொன்னபடி வந்தீர்கள். கட்டிலைப் பார்த்தீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு, தேர்வைத் தள்ளிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் மின்தூக்கியில் இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன்.

இடையில் கழிந்த நேரத்தைப் பற்றித்தான் ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்த என் மனைவி, சுவரைப் பிடித்தபடி நின்று நான் சொன்னதைக் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வீட்டுல இருந்த பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போட்டேன். உங்களைத் தூக்கிப் போடாம விட்டுட்டேனே" என்றாள். அதன் பிறகு என்னுடன் பேசவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தோடு இணைத்துப் படுக்க வைக்கிறார்களாம். என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லியனுப்பினாள். களைப்பில் பேசுகிறாள்.

நேற்று ஆய்வாளர் மற்றொரு செய்தியும் சொன்னார். சிறப்புப் பட்ட வகுப்பிலிருந்து விலகுவதாக அவள் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம், நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்களாம். எவருடைய திருத்தமும் இல்லாமல் எழுதிய இரண்டு வரிகள். என்னைக் கைது செய்தபோது நான் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. இப்போது, அந்த வரிகளில் ஒற்றுப் பிழை உண்டா என்று ஆய்வாளரைக் கேட்டேன்.

எனக்குக் கிடைக்கப்போகும் தண்டனையைப் பற்றி முறையீடு எதுவுமில்லை. ஆனால் அந்த மருத்துவச் சான்றுகளில் ஒன்றுகூடப் பொய்யன்று. ஒவ்வொரு முறையும் அவள் உண்மையாகவே நோயுற்றிருந்தாள். அதற்கு நானே சாட்சி. நோயுற்றவர் எழுதிக் கொடுக்கும் விலகல் எந்த நியாயத்திலும் செல்லாது. ஆகவே அதைத் தள்ளுபடி செய்யுங்கள். அந்த நாற்காலியில் வேறெவரையும் உட்கார வைக்காதீர்கள். தள்ளிவைத்த வாய்மொழித் தேர்வுக்கு நாளும் நேரமும் குறித்து, சிறை அதிகாரிக்கு எழுதுங்கள். மூன்றாவது பத்தியிலிருந்தே கேளுங்கள். நான் வந்து விடை சொல்கிறேன்.