மீன் தொட்டிக்கு மூன்று எண்

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் கார்களுக்கு இடம் காட்டுவது என் பொறுப்பு, மேடம். சம்பளமில்லாத வேலை. பாதர் வண்டி எங்கே, பாடகர் குழுவின் வேன் எங்கே, பூசை பாதி முடிந்த பிறகு வந்து முன்னால்தான் நிறுத்துவேன் என்று அடம்பிடிக்கும் டாக்டரின் வண்டி எங்கே என்று பார்த்துப் பார்த்து நிறுத்துவேன். இத்தனை வருடத்தில் ஒரு பம்பர்கூட உரசியதில்லை. ஒழுங்கு என்பது எனக்கு இயல்பாக வருவது. விபத்தை விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

அலுவலகத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். உறைந்த மீனும் இறாலும் இறக்குமதி செய்யும் கம்பெனியில் நான் நெட்வொர்க் மேனேஜர். தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், குளிர்க்கிடங்கு போர்ட் கிள்ளானில். வைஃபையில் சேருகிற ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் கேமராவுக்கும் ஓர் எண் தேவை. எண் கிடைக்காத கருவி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முதலாளிகள் உட்காரும் மேல்மாடிக்கு எத்தனை எண், கிடங்குக்கு எத்தனை எண் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் என் திட்டம்.

உண்மையைச் சொன்னால் எண்களுக்குப் பஞ்சமே கிடையாது. கம்பெனிக்குள் பயன்படுத்தும் எண்களை அள்ளி அள்ளிக் கொடுக்கலாம், காசு எதுவும் செலவில்லை. ஆனால் பஞ்சமில்லாத பொருளைப் பங்கு போடுகிறவனை யார் மதிப்பார்கள்? ஆகவே அளந்து கொடுத்தேன்.

எங்கள் முதலாளிகள் இருவர். பெரியகருப்பன் பரம்பரை வியாபாரக் குடும்பம். எட்டு என்ற எண் சனியுடையது என்பதால் அவருக்கு ஆகாது. எட்டாம் தேதி செக்கில் கையெழுத்துகூடப் போட மாட்டார். பங்குதாரர் லிம் சீனர்; அவர் மொழியில் நாலும் சாவும் ஒரே ஓசை என்பதால் அவருக்கு நாலு ஆகாது. எங்கள் கட்டடத்து லிஃப்டில் நாலாம் மாடியே இல்லை. மூன்று, மூன்று ஏ, ஐந்து என்று போகும். இருவரும் இறால் விலையிலிருந்து ஏர்கான் அளவு வரை எதிலும் ஒத்துப்போனதில்லை. நான் மெனக்கெட்டு உட்கார்ந்து, நாலும் எட்டும் கலக்காத எண்களாகப் பொறுக்கி மேல்மாடிக்கு ஒதுக்கினேன். திட்டத்தைக் காட்டியபோது இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அந்தக் காட்சியைக் கம்பெனியில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

மேல்மாடியில் உட்காருவது பன்னிரண்டு பேர். ஒதுக்கியது ஐந்நூறு எண். வரவேற்பறையில் பெரியகருப்பன் வளர்க்கும் அரோவானா மீனுக்கும் மறக்காமல் கொடுத்தேன்: தொட்டியின் கேமராவுக்கு ஒன்று, தண்ணீர்ச் சூடு பார்க்கும் கருவிக்கு ஒன்று, தீனி போடும் இயந்திரத்துக்கு ஒன்று. மூன்றும் நிரந்தர எண். வேறு யாரும் தொட முடியாது. ஒதுக்கித் தள்ளிய நாலும் எட்டும் போர்ட் கிள்ளானுக்குப் போயின. அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு எந்த எண் ஆகாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இனி அந்தப் பட்டனுக்கு வருகிறேன். உறைபனி அறைக்குள் மைனஸ் இருபது. இரும்புச் சுவர் என்பதால் போன் சிக்னல் நுழையாது. அதனால் உள்ளே போகிறவர் கழுத்தில் ஒரு பட்டனை மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆபத்து என்றால் அழுத்த வேண்டும். அறைக்குள் இருக்கும் வைஃபை வழியாகக் காவலர் கொட்டகையில் சைரன் அலறும். பேட்டரியை மிச்சப்படுத்த அந்தப் பட்டன் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்தினால்தான் விழித்து, எனக்கு ஓர் எண் கொடு என்று என் சர்வரைக் கேட்கும். கிடைக்கும்வரை சிவப்பு விளக்கு மின்னும், கிடைத்தால் பச்சை.

பட்டன்களுக்கும் முதலில் நிரந்தர எண்தான் கொடுத்திருந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடங்குக்கு இருந்தவை நாலும் எட்டும் என்பதால் எல்லாம் நாற்பதுகளும் எண்பதுகளுமாக அமைந்துவிட்டன. கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் பெரியகருப்பன் முகம் சுருங்கியது.

"ஏன்ப்பா, உயிரக் காப்பாத்துற சாமானுக்குப் போயி சனி நம்பரையா வைப்பாங்க?" என்றார்.

லிம் அபசகுனம் கழிய மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "சோய், சோய். கேனாட் லா, ஸ்டானி" என்றார்.

கெட்ட எண்ணைவிட எண்ணே இல்லாதது நல்லது என்று முடிவாயிற்று. பட்டன்களின் நிரந்தர எண்களை அழித்து, தொழிலாளர்களின் போன்கள் அடித்துப் பிடித்துக்கொள்ளும் பொது எண் தொகுப்பில் அவற்றையும் தள்ளிவிட்டேன், தற்காலிகமாக. எங்கள் கம்பெனியில் தற்காலிகத்துக்குத்தான் ஆயுள் கெட்டி.

பொதுத் தொகுப்பின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷிஃப்ட்டுக்குக் கணக்குப் போட்டு எண் வைத்திருந்தேன். வேலை நடப்பது இரண்டு ஷிஃப்ட். அதற்கு மேல் லோரிக்காரர்கள். சரக்கு ஏற்ற வருகிற லோரிக்காரர் இறங்கியதும் காவலரிடம் முதலில் கேட்பது டாய்லெட் எங்கே என்று அல்ல, வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்று. ஒருமுறை வாங்கிய எண் ஒரு வாரத்துக்கு அவர் பெயரில் கிடக்கும். லோரி ஈப்போ போய்ச் சேர்ந்து, அவர் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் எண் இங்கே அவருக்காகக் காத்திருக்கும். அந்த ஒரு வாரத்தை ஒரு மணி நேரமாக்குவது சின்ன வேலைதான். நான் செய்யவில்லை. யாரும் முறைப்படி புகார் டிக்கெட் போட்டுக் கேட்கவில்லை.

திருச்செல்வம் கேட்டார், வாஸ்தவம். ஆனால் முறைப்படி அல்ல. அவர் கிடங்கு சூப்பர்வைசர். காஜாங்கிலிருந்து விடியுமுன் கிளம்பி வருவார். ஊருக்கே அண்ணன். பட்டனைச் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஸ்டானி, பட்டன அமுக்குனா செவப்பு லைட்டுதான் மின்னுது. பச்சையே வர்ல. பசங்க உள்ள போகப் பயப்படுறானுங்க லா."

"டிக்கெட் போடுங்கண்ணே."

"மூணு போட்டாச்சு. மூணையும் நீ குளோஸ் பண்ணிட்ட."

"பிரிண்டர் கேட்டகரில போட்டிருந்தீங்க. பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு."

"பட்டனுக்குன்னு அதுல ஒரு கேட்டகரியே இல்லையேப்பா. ஒனக்குத்தான் வெசயம் தெரியுதே. ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்து விட்டுரு, போதும்."

நியாயமாகப் பார்த்தால், பட்டனுக்கென்று ஒரு கேட்டகரி கேட்டு அவர் தனியாக ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? கம்பெனி வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க, சிவப்பு மின்னும் பட்டனின் படத்தைப் போட்டு, கீழே இப்படி எழுதினார்: "ஸ்டானி, மீனுக்கு மூணு நம்பர் இருக்கு. மனுசனுக்கு ஒண்ணு இல்லையா லா?"

சிரிப்பு முகங்கள் வரிசை கட்டி வந்தன. கணக்குப் பிரிவு பெர்னிஸ் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் போட்டாள். பெரியகருப்பனே கட்டை விரல் காட்டினார். எதற்குக் காட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் திட்டத்தில் என் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. மீன் தொட்டியைத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேல்மாடியில் நானூற்றுச் சொச்சம் எண் சும்மாவே கிடந்தது, மேடம். நாலும் கிடையாது, எட்டும் கிடையாது, எல்லாம் ராசியான எண்கள். அவற்றிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பட்டன்களுக்கு வைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அன்று செய்வதாகத்தான் இருந்தேன். அந்தப் படத்துக்குப் பிறகு செய்தால், அவர் கேலி செய்ததால் செய்தேன் என்று ஆகிவிடுமே. எனவே விட்டுவிட்டேன். பட்டன் சரியாகிவிட்டதா என்று சேஃப்டி கமிட்டி கேட்டதற்கு, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் அனுப்பினேன். அதை நம்பித்தான் அவர்கள் ஆட்களை உள்ளே விட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், மறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்கில் ஆள் குறைவு. ஜும்மா தொழுகைக்குப் பலர் போயிருந்தார்கள், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. பயப்படுகிற பையன்களை அனுப்ப மனமில்லாமல், திருச்செல்வம் தானே இறால் பெட்டிகளைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடியில் ஐஸ் பிடித்திருந்ததாம். அது மெயின்டெனன்ஸ் விஷயம். அவர்களைத் தனியாகக் கேளுங்கள்.

நான் பிரிக்பீல்ட்ஸில் என் மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்திருந்தேன். மீன் குழம்பு. கிடங்கில் எண்கள் தீர்ந்துவிட்டன என்று திரையில் மஞ்சள் பட்டை வந்தது. அது தினமும் வருவது. அதன் கீழே, எண் கேட்டு நிற்கும் கருவியின் பெயர் வந்தது. பட்டன்களுக்குப் பெயர் வைத்தது நானேதான். திருச்செல்வம் என்று இருந்தது.

சோதனை செய்கிறார் என்று நினைத்தேன் என்று உங்கள் ஆளிடம் முதல் நாள் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அது சரியல்ல. சோதனை நடப்பது திங்கட்கிழமைகளில். அந்தப் பட்டன் அழுத்தாமல் விழிக்காது என்பதும் கம்பெனியில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஈப்போ லோரிக்காரர் ஒருவரின் எண்ணைப் பிடுங்கித் திருச்செல்வத்துக்குக் கொடுக்க இரண்டு கிளிக் போதும். முதல் கிளிக்கைச் செய்தேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. அப்படியே வைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டேன்.

கேட்டார். சற்று நின்றது. மறுபடி கேட்டார். வாட்ஸ்அப்பில் அறுபது பேரைச் சிரிக்க வைத்த மனிதர், இப்போது என்னிடம் மட்டும், யாருக்கும் தெரியாமல், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று இருந்தேன். எண் கிடைக்காத கருவி போகப்போக இடைவெளி விட்டுக் கேட்கும், அதன் சுபாவம் அப்படி. ஆகவே களைத்துப்போனது பட்டனா, அவரா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு நின்றுவிட்டது. இலையை மடித்துப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து இரண்டாவது கிளிக்கைச் செய்தேன். எண்ணை வாங்கிக்கொள்ளப் பட்டன் விழித்திருக்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வாசுதான் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்திருக்கிறான். திருச்செல்வம் கதவோரம் உட்கார்ந்திருந்தாராம். கையுறை இரண்டும் கழற்றி மடியில் கிடந்தனவாம். அந்தப் பட்டன் சின்னது, கையுறையோடு அழுத்த வராது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான்.

காஜாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். குறுகலான சந்து, ஏகப்பட்ட கார்கள், யாருக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கூட்டம் சேர்ந்து அமரர் ஊர்தியே உள்ளே வர முடியாத நிலை. நான்தான் நின்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். அவர் மனைவி சுபா அந்த நிலையிலும் என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிண்ணே" என்றார். பரவாயில்லை என்றேன்.

இப்போது பட்டன்கள் அனைத்துக்கும் மேல்மாடி எண்களே கொடுத்திருக்கிறேன். லோரிக்காரர்களுக்குத் தனி வைஃபை. நீங்கள் எந்த அறைக்குள் போய் அழுத்தினாலும் உடனே பச்சை வரும். முதலாளிகள் இருவருக்கும் திருப்தி. திட்டத்தில் குறை கிடையாது என்பதை உங்கள் அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எண்கள் தீர்ந்துபோனால் என் சர்வர் யாரையும் மறுப்பதில்லை, பேசாமல் இருந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். வாய் திறந்து கேட்ட மனிதனுக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு எந்த நாளும் கிடையாது, மேடம். திருச்செல்வத்துக்கும் நான் இல்லை என்று சொல்லவில்லை.