பொட்டு வைத்த கனெக்டர்

ஹலோ... ஹலோ, ஆ, மைதிலிம்மா, சின்னப்பையன்தான் பேசுறேன், சொல்லுங்க... மொதலாளி எடுக்கலயா? பேங்க்குக்கு போய்கீறாரு... ஒரகடம் போய் சேந்துட்டீங்களா? கம்பெனி கேட்டாண்டயே நிக்கிறீங்களா... சரி, சரி... இன்னாது? டப்பாவ இப்பதான் தொறந்து பாத்தீங்களா...

ஆமா.

ஆமாம்மா. சந்தனந்தான் அது.

யாரு வெச்சதுன்னா... எல்லாரும் சேந்துதான பூச போட்டோம்... சரி, நாந்தான். நாந்தான் வெச்சேன்.

கத்தாதீங்கமா, காதுல குத்துது... முந்தாநாள் ஆயுத பூசைக்கு மோல்டிங் மிஷின், பிரஸ்ஸு, தராசு, வாசல் கேட்டு, வாட்ச்மேன் சைக்கிளு, எல்லாத்துக்கும் வெச்சிகினே வந்தேன். கடசியா உங்க டேபிளாண்ட வந்தா, நீங்க டிசைன் பண்ண, போர்டுல ஒயர சேக்குற புது கனெக்டரு தட்டுல குந்திகினு கீது. அதுக்குன்னு எவ்ளோ நாளு கம்ப்யூட்டர் முன்னால கண்ணு எரிய எரிய கெடந்தீங்க. ஊருக்கெல்லாம் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம போனா குத்தமாயிடாதா?...

இல்லமா, சின்னதாதான் வெச்சேன். சத்தியமா. நீங்க அத அரிசியாட்டம் பண்ணி வெச்சிகீறீங்க, என் வெரலு மூட்ட தூக்குற வெரலு. பொட்டு வெச்சிட்டு பாக்குறேன், பொட்டுதான் கீது, கனெக்டர காணோம்!...

அழுவுறீங்களா?... சிரிப்பா? அப்பாடா.

பின்னு உள்ள போவலயா... ஓட்டையெல்லாம் அடச்சிகினு கீதா... ம்ம்... காஞ்சி கல்லாட்டம் ஆயிருக்கும்மா.

வேற பீஸா? இங்க ஏது? மோல்டுலேந்து ஒழுங்கா வந்த ஜோடி அது ஒன்னுதான. மிச்சதெல்லாம் மூளின்னு நீங்கதான தூக்கி குப்பைல போட்டீங்க... இல்ல, குத்தம் சொல்லல, சொல்லல.

ஒன்னு பண்ணுங்க. துப்பட்டால ஊக்கு குத்தி வெச்சிருப்பீங்கல்ல? அத எடுத்து ஓட்ட ஓட்டையா நோண்டி... ஐயோ வேணாம், நோண்டாதீங்க, நோண்டாதீங்க!... ஆமா ஆமா, உள்ள தகடு நாக்கு கீதில்ல, மறந்தே பூட்டேன்... ஆமா, அது மடங்கிச்சின்னா கரண்ட்டு போவாது... ஆமாம்மா, தெரியும், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க... சரி, நான் ஐடியாவே சொல்லல. நீங்களே சொல்லுங்க.

ம்... ம்... தண்ணில ஊற வெச்சி... தண்ணி படலாமா? போர்டுல இன்னும் ஏத்தல, ஆமா, வெறும் பிளாஸ்டிக்கும் தகடுந்தான்... பாட்டில் மூடில போட்டுட்டீங்களா... அப்பறம்?... காத்து அடிக்கணுமா? ரோட்ல நின்னுகினு கம்ப்ரசருக்கு எங்கமா போவீங்க?... பஞ்சர் கடையா! எதுக்கால கீதா? போங்க, போங்க, பாத்து தாண்டுங்க, அந்த ரோட்ல லாரிக்காரன் சீறிகினு வருவான்...

ரகுநாதன் சாரு எப்ப கூப்புடுவாரு?... அந்த கம்பெனில அவருதான டிசைனு பாத்து எடுக்குறவரு... டீ குடிச்சிட்டு கூப்புடுறாரா? அப்ப டைம் கீது.

மைதிலிம்மா, ஒன்னு சொல்லட்டா, தப்பா நெனைக்காதீங்க. இந்த பேட்டரி ஸ்கூட்டர்காரங்க ஆர்டர் குடுக்கலன்னா அசெம்பிளி லைன தொறக்க மாட்டேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. கெங்கம்மா... ஆமா, என் ஊட்டுக்காரிதான்... அந்த லைன்ல குந்திகினு இருந்தவதான... ஆடிலேந்து ஊட்டோட கீறா. நான் ஷிப்டுக்கு கெளம்பசொல்லோ வாசல்ல நின்னு ஒரு பார்வ பாக்குறா பாருங்க... நான் வெச்ச பொட்டால அவ வேல போச்சின்னா, எந்த மூஞ்ச வெச்சிகினு ஊட்டுக்கு போவேன்?... சரி, பொலம்பல. பொலம்பல.

இன்னாவாம் பஞ்சர் கடைக்காரருக்கு?... டயருக்குத்தான் காத்து அடிப்பாராமா? போன அவரு கைல குடுங்க.

அண்ணாத்தே, வணக்கம்! அம்பத்தூர் எஸ்டேட்லேந்து சின்னப்பையன் பேசுறேன். அந்த பொண்ணு கைல ஒரு சாமான் கீது பாரு... பல்லு இல்லபா அது! கனெக்டரு. ஸ்கூட்டருக்குள்ள போர்டு கீதில்ல, அதுக்கு ஒயர சேக்குறது... ஆமா, அவ்ளோதான் அது, அவ்ளோ சின்னது... அதுல பூச சந்தனம் பூந்துகினு வரமாட்டேங்குது... சிரிக்காத தலைவா, உன் கம்ப்ரசருக்கு நீ வெக்கல?... மாலையே போட்டியா! அப்ப நீ நம்ம ஆளு. கொஞ்சமா வுடு, டயருக்கு அடிக்கிறா மாதிரி அடிச்சேன்னா செம்பரம்பாக்கம் ஏரில போய் வுழுந்துடும்... துணில புடிச்சிகினு... அப்டித்தான் மாமே... காசு வேணாமா? நல்லா இருப்ப நைனா!

மா, அடிக்கிறாரா? சத்தம் கேக்குது... வந்துச்சா?... எல்லா ஓட்டையுமா?... நாக்கெல்லாம் நேரா கீதா?... அப்பாடா... மூலைல ஒரு ஓட்டைய சுத்தி செவப்பு போவலயா? அது சந்தனத்து மேல வெச்ச குங்குமம்மா. வெள்ள பிளாஸ்டிக்குல ஏறிச்சின்னா எறங்காது. தேய்க்காதீங்க, வுடுங்க, வுடுங்க... கூப்புடுறாங்களா? போங்க, தைரியமா போங்க... ஹலோ, போன வெக்காதீங்கமா! அப்டியே பையில போட்டுகினு போங்க. நான் மூச்சு வுடமாட்டேன்.

...

யப்பா, அந்த பிரஸ்ஸ செத்த நேரம் நிறுத்துங்கபா, ஒன்னும் கேக்கல... ஸ்ஸ்... சாரு பேசுறாரு... இங்கிலீஷ்ல பேசுறாரு, ஒன்னும் பிரியல... இரு... எடுக்குறாரு போல...

டக்!

கேட்டிச்சா? டக்குன்னுச்சிபா! பின்னு பூந்து பூட்டிகிச்சி!... ஸ்ஸ், கத்தாதீங்க... இரு, 'ரெட்டு'ன்றாரு. ரெட்டுதான் சொன்னாரு. செவப்ப பாத்துட்டாருபா. செத்தேன்...

...

ஹலோ... கீறேன்மா, கீறேன்... வெளிய வந்துட்டீங்களா? சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க... இந்த செவப்பு எதுக்குன்னு கேட்டாரா... நீங்க உண்மைய சொல்ல வாயெடுத்தீங்க... அதுக்குள்ள அவரே... மொத பின்னுக்கு அடையாளமான்னு கேட்டாரா?... ஓ!... ஆமா, எல்லா ஓட்டையும் ஒரே மாதிரிதான கீது, எதுலேந்து எண்றதுன்னு எப்டி தெரியும்... மத்தவங்க ஒரு குட்டி முக்கோணம் போடுறாங்களா, அத லென்ஸ் வெச்சி தேடணுமா... இது கண்ணுக்கு பளிச்சின்னு தெரியுதுன்னாரா!... ஐயோ ஐயோ...

அப்பறமா உண்மைய சொல்லிட்டீங்களா? இன்னாத்துக்குமா!... சிரிச்சாரா? அவரு கரண்ட்டு பாக்குற மீட்டர்லயும் ஆயுத பூச பொட்டு கீதா!

அப்ப ஆர்டரு?... ட்ரையலுக்கு மொதல்ல ஒரு லாட்டு... ம்... நல்லா வந்தா மொத்தமும்... ம்... தீவாளிக்கு முன்ன வேணுமா... அப்ப லைன் ஓடணுமே?... திங்கக்கெழமையேவா? ஆர்டர் வந்தா ஒடனே தொறக்கலாம்னு சொல்லித்தான் மொதலாளி அனுப்பிச்சாரா? இன்னொருவாட்டி சொல்லுங்க... ஆமா... ஆமா... இன்னொருவாட்டி...

இல்லமா, ஒன்னும் இல்ல, கண்ணுல தூசி.

அடையாளத்துக்கு பெயிண்ட்டு வெப்பீங்களா... மொத லாட்டுக்கு கையாலதான் வெக்கணுமா? அத என்னாண்ட குடுக்காதீங்க, மறுபடியும் கனெக்டர காணாம அடிச்சிடுவேன். கெங்கம்மாகிட்ட குடுங்க. நெத்திப் பொட்டையே கண்ணாடி பாக்காம நேரா வெப்பா அவ...

மொதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க, அந்த சந்தன மேட்டர மட்டும்... சொல்லித்தான் ஆவீங்களா? சரி, சொல்லுங்க, திட்டட்டும், இன்னிக்கு எவ்ளோ திட்டினாலும் தாங்கும்... நீங்க மொதல்ல எதுனா சாப்புடுங்க... இல்லமா, வெக்கிறேன், மேனாம்பேட்டுல ஊட்டுக்கு போன் போடணும். திங்கக்கெழம காலைல பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரா நிக்கணும், சீக்கிரம் எயுந்துடுன்னு சொல்லணும்... வெச்சிட்டேன்மா.