அட்டமியால் தள்ளிப்போன சம்பளம்

லண்டன் ரயிலில், தோர்ண்டன் ஹீத்தில் ஏறிய ஒரு புருசனும் மனைவியும் என் முன் சீட்டில் இருந்தார்கள். வீடு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"போன மாசம் நான் எனக்குச் சம்பளம் போடேல்லை," என்றார் அவர்.

"கொம்பனியே உங்கடை. பிறகு ஆர் மறிச்சது?"

"நீர்தான். அட்டமியிலை காசு எடுக்கக் கூடாதெண்டனீர். அடுத்த நாள் நவமி எண்டீர். பிறகு வேலையிலை மறந்துபோனன்."

"இப்ப போனிலை போடுங்கோவன்."

"போட்டால் இண்டைத் திகதிதான் விழும். ஒரு மாசமும் விடாமல் சம்பளம் வந்திருக்க வேணுமாம், இல்லாட்டிக் கடன் இல்லையாம்."

"அப்ப வீடு?"

"வேறை ஆக்களும் கேட்டு நிக்கினம்."

குரொய்டனில் ரயில் நின்றதும் அவள் எழுந்தாள். அவர் எழும்பவில்லை.

"ஏன் போடேல்லையெண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? அட்டமி எண்டோ?"

"மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ. அதுவும் உண்மைதானே," என்று சொல்லிவிட்டு அவள் முன்னே இறங்கினாள்.