வெறும் பீடத்தைச் சுற்றிப் பதினேழு பிள்ளைகள்

விடியற்காலை நாலரை மணி. கோரையாற்றங்கரைச் சாலை. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல்… ஆள் அரவமே கிடையாது. கையில் ஒரு அரிக்கேன் விளக்கோடு, பதினேழு பிள்ளைகளைத் தஞ்சாவூர் சிலைக்கூடம் காட்ட நீடாமங்கலம் ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போனார் நெய்னா முகம்மது வாத்தியார். நம் அப்துல் ஜலீல் இருக்கிறாரே, அவருடைய தாய்மாமன். பொய் பேசுகிற மனுஷர் இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

எழுபதாம் வருஷம், மாசி மாதம். ஆட்சி மாறி மூன்று வருஷமாகியும் வயலில் சண்டை ஓயவில்லை. அந்தத் தை அறுப்பிலும் கூலித் தகராறு. மிராசுதார் துரைராசு வெளியூர் ஆட்களை இறக்கினார். கூலியாட்கள் சங்கத்து இராஜாங்கம் வரப்பில் குறுக்கே நின்று மறித்தார். அன்று ராத்திரியோடு அவரைக் காணவில்லை. "பட்டணத்துக்கு ஓடிட்டான்" என்று ஊரில் பேச்சு. யார் கிளப்பிவிட்ட பேச்சோ…

இராஜாங்கத்தின் மகள் செவ்வந்தியும் ஆறாம் வகுப்பு. துரைராசின் மகள் ராஜாத்தியும் ஆறாம் வகுப்பு.

"எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிக்கிட்டுப் போறீங்களாமே. செலையப் பாத்து என்ன வாத்தியாரே ஆவப்போவுது?" என்று கேட்டிருந்தார் துரைராசு.

"பாக்கத் தெரியணும்ல ஐயா" என்றார் வாத்தியார். ராஜாத்தி சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்ததால்தான் துரைராசு அவளை அனுப்பினார்.

தஞ்சாவூரில் பெரிய சிலைக்கூடம். உயரமான மண்டபம், வௌவால் வாடை, காலடியில் சில்லென்ற கல். பார்த்த முதல் அம்மன் சிலைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தினார்.

"பேரு, ராஜா, வருஷமெல்லாம் அப்புறம். ஒரு செலையச் சுத்தி நில்லுங்க. முன்னாடி நிக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியும், பின்னாடி நிக்கிறவங்களுக்கு வேற தெரியும். அவங்கவங்களுக்குத் தெரியிறத மட்டும் வரைங்க."

ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டு, குடிதண்ணீர் எங்கே என்று காவலாளியிடம் கேட்கப் போனார். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் அம்மன் சிலைக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

உள்மண்டபத்தில் சத்தம். சரக்… சரக்… பென்சில் ஓடுகிற சத்தம்.

பதினேழு பேரும் வட்டமாக நின்று வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கல்பீடம். அதன்மேல் ஒன்றுமில்லை. வெறும் பீடம். ஆனால் எல்லோரும் ஒரே உயரத்துக்கு நிமிர்ந்து பார்க்கிறார்கள்… தாளைப் பார்க்கிறார்கள்… மறுபடி நிமிர்கிறார்கள். மண்டபம் முழுக்க அழுகின வைக்கோல் நாற்றம், சேற்று நாற்றம். செவ்வந்தி வட்டத்தின் முன்பக்கம் நின்றாள். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது. கை மட்டும் நிற்கவில்லை.

"என்னம்மா வரையிற?"

"எங்கப்பா சார்" என்றாள்.

வாத்தியார் மறுபடி பீடத்தைப் பார்த்தார். வெறும் கல். தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே இழுத்து வந்தார்.

திரும்புகிற ரயிலில் தாள்களை மடியில் வரிசையாக வைத்துப் பார்த்தார். கோடு கோணல்தான், பிள்ளைக் கை. ஆனால் எல்லாம் ஒரே ஆள். செவ்வந்தி தாளில் நேர்முகம். அடுத்ததில் கொஞ்சம் திரும்பிய முகம். அடுத்ததில் காது… தோள்… சுற்றி நின்று ஒரு மனுஷனைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. எதிலுமே கை முழுசாக இல்லை. கடைசியாக ராஜாத்தி தாள். அவள் நேர் பின்னால் நின்றவள். அதில்தான் கை இருந்தது. முதுகுக்குப் பின்னால், வண்டிக்கயிற்றால் இறுக்கிக் கட்டிய இரண்டு கை.

ராத்திரி ஏழரைக்கு ரயிலடியில் இறங்கினார்கள். மகளைக் கூட்டிப் போகத் துரைராசே வில்வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என் பொண்ணு என்ன வரைஞ்சா? காட்டுங்க பாப்போம்."

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாராம் வாத்தியார். பக்கத்தில் செவ்வந்தி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தார். தாளை நீட்டிவிட்டார்.

துரைராசு விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகள் பக்கம் திரும்பினார்.

"கயித்த… கயித்தப் பத்தி யாரு ஒனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. அவரு கை வலிக்குதுன்னாரு. நான்தான் அவுத்து விட்டேன்."

துரைராசு பெண்ணைத் தூக்கி வண்டியில் வைத்தார், தானும் ஏறினார். மாடுகள் அடியெடுத்து வைக்கவில்லை. சாட்டை விழுந்தும் நகரவில்லை. உள்ளேயிருந்து ராஜாத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா. அவரும் நம்ம ஊருக்குத்தான் வர்றாராம்."

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது… ஆள் ஏறினால் சாய்கிற மாதிரி. பிறகு மாடுகள் தானாக நடந்தன.

அந்த மூன்று மைல் வழியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ராஜாத்தி ஏறியதுமே தூங்கிவிட்டாளாம். விடிந்ததும் துரைராசு தானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மதகடியில் ஒரு இடத்தைக் காட்டினார். தோண்டினார்கள். இராஜாங்கம் கிடைத்தார். கட்டின அடையாளம் மணிக்கட்டில் இருந்தது. கயிறு மட்டும் தனியாக, முடிச்சு அவிழ்ந்து, பக்கத்தில் கிடந்தது.

வாத்தியாரையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் உட்காரக்கூடிய நீள பெஞ்சு. துரைராசு மட்டும்தான் அதில் இருந்தார். இருந்தவர் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்… பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே வந்த பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தார்.